பதினான்காம் எண்ணின் கடைசி நிறுத்தம்

நான்கு வருடம் ஒலிபெருக்கியில் சொன்னேன்:
"கடைசி நிறுத்தம். மிருகக்காட்சிசாலை."
யாரும் இறங்கவில்லை.
தகர வேலிக்குள் ஒரு கிரேன் மட்டும்
கழுத்தை நீட்டிக்கொண்டு
எதையும் மேயாமல் நின்றது.

சனிக்கிழமை திறந்தார்கள்.
எனக்கு விடுமுறை. பழக்க தோஷம்,
என் டிராலிபஸ்ஸிலேயே ஏறினேன்,
பயணியாக, மூன்றாவது வரிசையில்.
வில்மாதான் ஓட்டினாள். நெமுனாஸ் பாலத்தில்
பிரேக்கை அவசரமாக மிதிக்கிறாள்.
சொல்லவில்லை.

டிக்கெட் விலை இரண்டு மடங்கு.
வாசலில் இன்னும் ஈரச் சிமெண்ட் மணம்,
புதிதாக நட்ட பிர்ச் கன்றுகளுக்கு முட்டுக்கொம்பு.
நீர்நாய்களுக்கென்று வெட்டிய ஓடையில்
யாரும் அழைக்காமல் வந்த சாம்பல் நாரை ஒன்று
மீன் திருடிக்கொண்டிருந்தது.
அதற்குத்தான் அன்று அதிகக் கைதட்டல்.

நீர்யானைக்கு இப்போது தண்ணீருக்கடியில் ஜன்னல்.
வேறு ஊரில் இரவல் இருந்துவிட்டு
போன வாரம்தான் திரும்பியதாம்.
அவ்வளவு கனமான ஒன்று
தரையை விரல்நுனியால் தொட்டுத் தொட்டு நடக்கிறது.
எங்கள் டிப்போ மேனேஜருக்குக் காட்ட வேண்டும்.

பழைய கரடிக் கூண்டை இடிக்கவில்லை.
கதவைக் கழற்றி, உள்ளே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.
பூண்டு தேய்த்த கருப்பு ரொட்டி வறுவலை
ஒரு பையன் அங்கே உட்கார்ந்து தின்றான்.
அவன் போனதும் அளந்தேன்:
நீளம் ஆறு காலடி, அகலம் நாலு.
பள்ளியிலிருந்து கூட்டி வந்தபோது
இதே கம்பிக்குள் சர்க்கரைக் கட்டி எறிந்திருக்கிறேன்.
கரடி தவறவிட்டதை எண்ணிச் சிரித்திருக்கிறேன்.
பெஞ்சில் உட்காராமல் வெளியே வந்தேன்.

கூட்டமெல்லாம் லிங்க்ஸ் முன்னால்.
காதில் கருங்குஞ்சம் வைத்த பெரிய பூனை, பலகையில்.
கண்ணாடிக்குப் பின்னால் பாறை, பாசி,
விழுந்த மரம், ஒரு குன்று.
பூனை மட்டும் இல்லை.
"காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு" என்றது ஒரு குரல்.
"அதற்கும் இன்று சனிக்கிழமை" என்றது இன்னொன்று.

பக்கத்தில் நின்றவர் என்னையே பார்த்தார்.
"பதினான்காம் எண் நீங்கள்தானே?
ஜனவரியில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினீர்கள்."
அன்றைய குளிரையும் சொன்னார், மைனஸ் பதினெட்டு.
பெயர் கெஸ்டூடிஸ். மூக்குக்கண்ணாடிக் கடை.
மன்னிப்புக் கேட்பதா, கால அட்டவணையைச் சொல்வதா என்று
நான் யோசித்து முடிப்பதற்குள்
ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றித் தந்தார்.
ஒரு மணி நேரம்
இல்லாத ஒன்றைச் சேர்ந்து பார்த்தோம்.

பிறகு வாளியோடு பராமரிப்புப் பெண் வந்தாள்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
"முன்பக்கம் வராது.
வந்த நாளிலிருந்து பின்னால்தான், குன்று உச்சியில்.
அங்கிருந்து சாலை தெரிகிறது.
இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
காது நிமிர்கிறது.
ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போகிறது போல."

கெஸ்டூடிஸ் என்னைப் பார்த்தார்.
நான் வாளியைப் பார்த்தேன்.

சிவப்பு உடம்பு. தலையில் நீளமாக இரண்டு மீசை.
மீசை கம்பியைப் பிடித்திருக்கும் வரைதான் உயிர்.
வந்த வழியே வந்து, அதே வட்டம் சுற்றி,
பக்கவாட்டில் வாயைத் திறந்து மூடி
வந்த வழியே போகும் பிராணி.
அதன் நெற்றியில் கண்ணாடி.
கண்ணாடிக்குள் தலை அசைக்கும் எதுவோ.

ஞாயிறு, முதல் ஓட்டம்.
வண்டி நிறைய முகத்தில் வரிபோட்ட குழந்தைகள்.
"கடைசி நிறுத்தம்" என்றேன்.
மிச்சத்தைச் சொல்வதற்குள் இறங்கி ஓடிவிட்டார்கள்.
வட்டத்தில் திருப்பி நிறுத்தினேன்.
வேலிக்கு மேலே குன்று.
குன்றில் ஏப்ரல் மாத மொட்டைக் கிளைகள்,
வேறெதுவும் தெரியவில்லை.

கிளம்ப ஆறு நிமிடம் இருந்தது.
மற்ற நாளென்றால் குறுக்கெழுத்துப் போடுவேன்.
இருக்கைக்கு அடியிலிருந்து பழைய துணியை எடுத்து
முன்கண்ணாடியை
உள்பக்கம் துடைத்தேன்.